அடையாறு கழிமுகத்தில் இயற்கை நடை

சென்னையில் அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை ஒட்டி, கட்டட இடிபாடுகளும் குப்பையும் நிறைந்து கிடந்த சுமார் 58 ஏக்கர் நிலம் மீட்டெடுக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரில் திறக்கப்பட்டது. அழகுக்காக அயல்நாட்டுச் செடிகளை நடாமல், அந்த மண்ணுக்கே உரிய தாவரங்களை மீண்டும் வளர்த்ததே இதன் தனிச்சிறப்பு. வழிகாட்டியின் துணையோடு இங்கு நடப்பவர்கள் இருவேறு தாவரச் சூழல்களை அருகருகே அறிந்துகொள்ள முடிகிறது.

முதலாவது, சோழமண்டலக் கரைக்கே உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. அதாவது, மழை குறைந்த மாதங்களிலும் இலைகளை முழுவதுமாக உதிர்க்காத, உயரம் குறைந்த மரங்களும் புதர்களும் அடர்ந்த காடு. இன்று இவ்வகைக் காடுகள் பெரும்பாலும் கோயில் காடுகளிலேயே எஞ்சியுள்ளன. இரண்டாவது, கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உவர்நிலத்தில் வளரும் அலையாத்திக் காடு. இங்குள்ள வெண்கண்டல் மரம், காற்றோட்டமற்ற சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சுவேர்களால் காற்றைப் பெறுவதோடு, உடலில் சேரும் மிகையான உப்பை இலைகளின் வழியே வெளியேற்றியும் விடுகிறது. அதன் வேர்களிடையே மீன்குஞ்சுகளும் நண்டுகளும் அடைக்கலம் பெறுவதால், அவற்றை உண்ணும் கொக்கு, நாரை முதலிய பறவைகளும் அங்கு வந்து சேர்கின்றன.

இத்தகைய நடையில் பங்கேற்போர் செடிகளைப் பறிக்காமலும் ஓசை எழுப்பாமலும் பாதையை விட்டு விலகாமலும் நடந்து, தம் ஊர் மண்ணுக்குரிய தாவரங்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும்.