மதுவருந்துங்கால் தாடையில் தோன்றும் வலி

மதுவைப் பற்றி இத்தகைய மலர்களில் எழுதப் புகுவோர் அதன் தீமைகளை விரித்துரைத்து, அதனை விலக்குக என்று வற்புறுத்துதல் வழக்கம். யாம் எடுத்துக்கொண்ட பொருள் அஃதன்று. மது நாவிற் பட்ட மாத்திரத்தில் சிலர்க்குத் தாடையில் ஒரு வலி உண்டாகின்றது. அது யாது, எதனால் வருகின்றது, எப்பொழுது அதனைப் பொருட்படுத்த வேண்டும் என்பவற்றையே ஈண்டு ஆராயக் கருதினோம். இவ்வலி உடையார் பலரும் அதனை வைத்தியரிடம் கூற நாணுகின்றனர். வலியைச் சொன்னால் குடியையும் சொல்ல வேண்டிவரும் அன்றோ? அந்நாணத்தினால் விளையும் கேடு சிறிதன்று என்பதை அண்மையில் யாமே கண்டோம்.

எமக்கு நெடுநாட் பழக்கமுள்ள முதியவர் ஒருவர், உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றவர், ஊரில் நன்மதிப்புடையவர். இரவு உணவுக்கு முன் சிறிது பிராந்தி அருந்தும் வழக்கம் அவர்க்குண்டு என்பதை அவர் மனைவியாரையன்றி எவரும் அறியார். இதனைப் பிற்காலத்தில் அவரே எமக்குச் சொல்லி, பெயர் கூறாது எழுதுதற்கும் இசைந்தார். ஓராண்டுக்கு முன் அவர்க்கு இடப்பக்கத்துக் கீழ்த்தாடையில் வலி தோன்றியது. பல் வைத்தியர் ஒருவரிடம் சென்று, "மாலையில் தாடை வலிக்கின்றது" என்று மட்டும் கூறினார். கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கப்பட்டது. வலி போகவில்லை. பின்னர் மற்றொன்றும் பிடுங்கப்பட்டது. வலி இருந்தபடியே இருந்தது. அவர் புளிப்பையும் ஊறுகாயையும் விட்டார், பிராந்தியை விட்டாரில்லை.

இவ்வளவில் அவரை நிறுத்திவிட்டு, தாடையின் அமைப்பைச் சிறிது நோக்குவோம்.

பொன்னுக்குவீங்கி கண்ட குழந்தையின் முகத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். காதின் முன்னும் கீழும் புடைத்துக்கொள்ளும் அவ்விடத்திற்றான் உமிழ்நீர்ச் சுரப்பிகளுள் மிகப் பெரியது இருக்கின்றது. பக்கத்துக்கு ஒன்றாக அவை இரண்டு. கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தே அடியில் இரண்டு. நாவின் கீழே இரண்டு. இவையன்றி மிகச் சிறியன வாயெங்கும் பரந்துள்ளன. இவை யாவும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன.

சுரப்பியிலிருந்து வாய்க்கு உமிழ்நீர் எவ்வழியே வருகின்றது என்பது பன்னெடுங்காலம் தெளிவாகாதிருந்தது. இங்கிலாந்து தேசத்து வைத்தியராகிய தாமஸ் வார்ட்டன் என்பார் 1656ஆம் ஆண்டில் சுரப்பிகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, தாடையடிச் சுரப்பியின் குழாயை விளக்கினார். காதருகே உள்ள சுரப்பியின் குழாயைக் கண்டவர் நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் டேனிய மாணவர். 1660ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில், ஓர் ஆட்டின் தலையை வாங்கி அறுத்துப் பார்க்கையில், அவர் செலுத்திய மெல்லிய கம்பி கன்னத்தின் உட்புறமாகச் சென்று பல்லில் முட்டியது. அப்போது அவர்க்கு வயது இருபத்திரண்டு. அவர்க்குக் கற்பித்த ஆசிரியரோ, கண்டுபிடித்தவன் யானே என்று வழக்கிட்டார். ஆசிரியரும் மாணாக்கரும் வழக்கிட்டதன் முடிவு, அக்குழாய் இன்றும் மாணாக்கர் பெயரால் வழங்குகின்றது என்பதே. மேல்வாய்ப் பற்களுள் இரண்டாம் பெருங்கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தில், நாவின் நுனியாற் தடவினால் தென்படும் சிறு மேடு அக்குழாயின் வாயேயாகும். நேயர்கள் இப்பொழுதே தடவிப் பார்க்கலாம்.

இச்சுரப்பிகள் எப்பொழுதும் ஒரே அளவிற் சுரப்பன அல்ல. புளிப்பே இவற்றை மிக விரைந்து தூண்டுவது. உருசியா தேசத்துப் பாவ்லோவ் என்பார் (சீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்) நாயின் வாயில் நீர்த்த அமிலத்தை இட்டபோது உமிழ்நீர் பெருகியதைக் கண்டறிந்தார். நமக்கு இதற்கு நாயும் வேண்டுவதில்லை, அமிலமும் வேண்டுவதில்லை. பச்சைப் புளியங்காயைக் கடித்த சிறுவனைக் கேட்டாற் போதும். காதடியில் "சுரீர்" என்று இழுத்தது என்பான். சுரப்பியின் சிற்றறைகளைச் சுற்றிச் சுருங்குந் தன்மையுள்ள நுண்ணணுக்கள் உள்ளன. தூண்டுதல் வந்தவுடன் அவை சுருங்கிச் சேர்ந்திருக்கும் நீரைப் பிழிந்து தள்ளுகின்றன. பசித்திருப்பவன் வாயில் திடீரெனப் புளிப்புப் படுங்கால் இப்பிழிவு கடுமையாக நிகழ்வதனாலேயே அந்த இழுப்பு உண்டாகின்றது.

திராட்சை மது புளிப்புடையது. புளித்த கள்ளும் அத்தகையதே. பிராந்தி, விஸ்கி, சாராயம் முதலியன புளிப்பில்லாதன ஆயினும், அவற்றின் காரம் வாயின் மென்றோலை எரித்து உமிழ்நீரை வரவழைக்கின்றது. ஆகவே முதல் மிடற்றில் காதடியில் ஓர் இழுப்புத் தோன்றிச் சில நொடிகளில் மறைந்து, இரண்டாம் மூன்றாம் மிடற்றில் அறவே இல்லாது போகுமாயின், அது நோயன்று. எலுமிச்சம்பழச் சாறும் அதனையே செய்யும். இவ்வகையே பெரும்பான்மை.

ஆயின் அதே முதல் மிடற்றில், முதற் கவளத்தில், வெட்டினாற்போன்ற கொடிய வலி எழுந்து, உண்ண உண்ணக் குறைந்து, அடுத்த வேளை மீண்டும் அவ்வாறே வருதலும் உண்டு. கழுத்தின் மேற்பாகத்தில், தொண்டையின் பக்கவாட்டில் சத்திர சிகிச்சை செய்துகொண்டவரிடத்தே இது பெரும்பாலும் காணப்படுகின்றது. சுரப்பிக்கு இருவகை நரம்புகள் செல்கின்றன. அவற்றுள் ஒருவகை அறுபட்டுப் போகவே, மற்றையதன் ஆணைக்குச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுருங்குகின்றது என்று கொள்வர். 1986ஆம் ஆண்டிலேதான் இதற்கு மருத்துவ நூல்களில் "முதற்கடி நோய்" என்னும் கருத்துடைய பெயர் இடப்பட்டது. சத்திரம் யாதும் செய்துகொள்ளாதவர்க்கு இது வருமாயின், அவ்விடத்திற் கட்டி ஏதேனும் மறைந்துளதோ என்று படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். அருமையாகவேனும் அவ்வாறு கட்டிகள் கண்டறியப்பட்டுள்ளன.

இனி, வலி காதடியில் அன்றித் தாடையின் கீழே இருந்து, அவ்விடம் உணவு வேளையில் புடைத்து, ஓரிரு மணி நேரத்தில் வற்றுமாயின், குழாயிற் கல் அடைத்திருக்கின்றது என்று பெரும்பாலும் துணியலாம். உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து இறுகிக் கல்லாகின்றது. இக்கற்களுட் பத்தில் எட்டுக்குக் குறையாதவை தாடையடிச் சுரப்பியிலேயே தோன்றுகின்றன. அதன் நீர் சற்றுக் குழகுழப்பானது. அதன் குழாயோ கீழிருந்து மேல்நோக்கி நாவினடிக்கு ஏறுகின்றது. மேட்டுக்குப் பாயும் வாய்க்காலில் வண்டல் தங்குதல் இயல்புதானே? புளிப்போ மதுவோ பட்டுச் சுரப்பி நீரைத் தள்ளும், வழி அடைபட்டிருக்கும், நீர் பின்னே தேங்கிச் சுரப்பியைப் பிதுக்கும். வலி அதனால் வருவது.

மேற்கூறிய முதியவரை அவர் மனைவியார் வற்புறுத்திப் பொது வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். "எப்பொழுது வலிக்கிறது?" என்று வைத்தியர் கேட்டார். "மாலையில்" என்றார் முதியவர். "மாலையில் என்ன செய்யும்போது?" என்று வைத்தியர் மீண்டும் கேட்க, அவர் தலைகுனிந்திருந்தார். அம்மையார் பொறுக்கமாட்டாது, "டாக்டர் ஐயா, இவர்கள் சொல்லமாட்டார்கள். பிராந்தியை வாயில் வைத்ததும் தாடையைப் பிடித்துக்கொள்கிறார்கள். முன்பு ஊறுகாய் தொட்டாலும் அப்படித்தான்" என்றாராம். வைத்தியர் நகைக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. ஓர் எலுமிச்சந் துண்டை வருவித்து நாவில் வைத்துக்கொள்ளச் செய்தார். சில நிமிடங்களில் இடத்தாடையின் கீழே நெல்லிக்காயளவு வீக்கம் எழுந்தது. நாவினடியில் விரலை வைத்து அழுத்தியபோது கல் தட்டுப்பட்டது. பிடுங்கிய பற்கள் இரண்டும் குற்றமற்றவையாக இருந்திருக்கலாம்.

கல் உயிர்க்கு அபாயம் விளைப்பதன்று. அபாயமுள்ள வேறிரண்டை யாம் கூறாது விடுதல் தகாது.

கழுத்திலோ தாடையின் கீழோ நெறிக்கட்டி தோன்றி, வலியின்றி வாரக்கணக்காய் வற்றாதிருந்து, மது அருந்திய சில நிமிடங்களில் மட்டும் அக்கட்டியே நோவுமாயின், அது ஹாட்ஜ்கின் நோய் என்னும் நிணநீர்ப் புற்றின் அடையாளமாக இருத்தல் கூடும். இலண்டன் மாநகரில் கைஸ் வைத்தியசாலையைச் சார்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின் என்பார் 1832ஆம் ஆண்டில் ஏழு நோயாளரின் வரலாற்றை எழுதி இந்நோயை வெளிப்படுத்தினார். மதுவினால் இவ்வலி எழுவதைப் பற்றி 1950ஆம் ஆண்டையொட்டி மருத்துவ ஏடுகளிற் பல கட்டுரைகள் வரலாயின. இங்கே மதுவின் சுவையும் புளிப்பும் காரணமல்ல. உள்ளே சென்ற மது சிறிதளவேயாயினும் வலியை எழுப்புகின்றது. கட்டியினுள் இரத்தக் குழாய்கள் விரிவதனால் என்பர். முடிபு இன்னும் ஏற்படவில்லை. இந்நோயுடையார் நூற்றுவரில் ஒரு சிலர்க்கே இவ்வலி உண்டு. மதுவால் தாடை நோவோரிலும் மிகமிகச் சிலரே இந்நோயுடையார். ஆதலின் வலி கண்டவுடன் நடுங்க வேண்டுவதில்லை. ஆயினும் கட்டியுடன், இரவில் மிகுந்த வியர்வையும், காரணமற்ற காய்ச்சலும், உடல் மெலிவும் சேர்ந்திருப்பின் ஒருநாளும் தாமதித்தல் ஆகாது. காலத்தே கண்டால் இந்நோயினர் பெரும்பாலோர் இக்காலச் சிகிச்சையாற் குணமடைகின்றனர். கட்டி கரைய, மதுவலியும் மறைகின்றது.

மற்றொன்று இருதயம். இருதயத்துக்குப் போதிய இரத்தம் செல்லாதபோது, அதன் வலி மார்பில் மட்டுமன்றி இடக்கையிலும் கீழ்த்தாடையிலும் தோன்றும். சிலர்க்குத் தாடையில் மட்டுமே தோன்றுதலும் உண்டு. வில்லியம் ஹெபர்டன் என்பார் 1768ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் கழகத்தில் இருதய வலியின் இலக்கணத்தை முதன்முதல் தெளிவாக எடுத்துரைத்தார். அவரே அதற்கு ஓய்வும் வெப்பமும் மதுவும் துணைசெய்யும் என்று எழுதியது இன்று வியப்பைத் தருகின்றது. மதுவோடு பெருவிருந்தும் உண்டு, மாடிப்படி ஏறுகையில் தாடை இறுகி, மூச்சு முட்டி, வியர்க்குமாயின், அதனைப் பல்வலியென்று கிராம்புத் தைலம் தடவிக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு ஏகுதல் வேண்டும்.

சொத்தைப் பல்லிற் குளிர்ந்த பீர் பட்டு நோதலும், குடித்து உறங்கியவர் இரவெல்லாம் பல்லை நெறித்துக் காலையில் தாடைப் பூட்டு வலித்து எழுதலும் யாவரும் எளிதில் அறியத்தக்கன, அவற்றை விரித்திலோம்.

வைத்தியர் எவரும் இவற்றைப் பிரித்தறிவது நோயாளி கூறும் விடைகளைக் கொண்டே. முதல் மிடற்றிலா, சில நிமிடங் கழித்தா? எலுமிச்சையும் அவ்வாறே செய்கின்றதா? வீக்கம் எழுகின்றதா? ஒரு பக்கமா, இரு பக்கமுமா? நடந்தாற் கூடுகின்றதா? இவற்றுள் முதல் வினாவுக்கே விடை சொல்ல நாணுபவன், வைத்தியரின் கண்ணைக் கட்டிவிட்டுத் தன் வாயைத் திறந்து காட்டுகின்றான்.

முதியவரின் கல் நாவினடியிற் சிறு கீறலிட்டு எடுக்கப்பட்டது. பச்சைப் பயற்றினும் சற்றே பெரிதாய், மஞ்சள் நிறமுடையதாய் இருந்தது. அதனை ஒரு சிமிழிலிட்டு வைத்திருந்து எமக்குக் காட்டினார். அன்று அவர் வீட்டில் உண்டோம். எலுமிச்சங்காய் ஊறுகாயை இருமுறை கேட்டு வாங்கிக்கொண்டார். பிராந்தியைப் பற்றி யாம் கேட்கவில்லை.