மெயிலை எப்போது அழிக்கக் கூடாது?

அமெரிக்காவில் சிவில் வழக்கு என்றால் விசாரணைக்கு முன்னால் 'டிஸ்கவரி' என்று ஒரு கட்டம் வரும். வழக்கோடு சம்பந்தப்பட்டு எதிர்த்தரப்பு கேட்கிற ஆவணங்களை எடுத்துக் கொடுக்க வேண்டும். வக்கீலோடு பேசியது மாதிரி சில விலக்குகள் உண்டு. மற்றபடி நமக்குப் பாதகமானதையும் சேர்த்துத்தான். காகிதக் காலத்தில் பீரோவைத் திறந்தால் போதும். இப்போ மெயில், சாட், லேப்டாப், பேக்கப் எல்லாவற்றையும் துழாவணும்.

இதைப் பற்றி நான் படித்ததில் நிறையச் சொல்லிக்கொடுத்தது ஜுபுலேக் வழக்கு. லாரா ஜுபுலேக், யூபிஎஸ் நிறுவனத்தில் பங்கு விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தவர். பாலினப் பாகுபாடு என்று 2001 ஆகஸ்டில் அரசு ஆணையத்தில் புகார் கொடுத்தார். அக்டோபரில் வேலை போனது. 2002-ல் வழக்குப் போட்டார். நிறுவனம் கொடுத்த மெயில்கள் சுமார் 100 பக்கம். அவர் கையிலேயே சுமார் 450 பக்கம் இருந்தது! மீதி எங்கே?

பேக்கப் டேப்களில் தேடச் சொன்னார் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின். ஐந்து டேப்பை மீட்டுப் படிக்கவே சுமார் 19,000 டாலர் ஆனது. மற்றதை மீட்டுப் படிக்க 2.73 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதோடு சில டேப்கள் காணோம், சில மெயில்கள் அழிக்கப்பட்டிருந்தன.

எப்போதிலிருந்து பாதுகாத்திருக்க வேண்டும்? புகார் வந்த ஆகஸ்டிலிருந்து என்றுதானே நினைப்போம். நீதிபதி சொன்னது ஏப்ரல் 2001. அப்போதே சில மெயில்களுக்கு 'வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம்' என்று தலைப்பு வைத்திருந்தார்கள்; அந்த மெயில்களில் வக்கீல் யாருமே இல்லை. வழக்கு வரும் என்று உள்ளே இருந்தவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

அழிக்காதீர்கள் என்று வக்கீல்கள் சொல்லத்தான் செய்தார்கள். அது சிலருக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ந்தும் சிலர் அழித்தார்கள். அழிந்த மெயில்கள் நிறுவனத்துக்குப் பாதகமானவை என்று ஜூரி எடுத்துக்கொள்ளலாம் என 2004-ல் நீதிபதி முடிவு செய்தார். 2005-ல் ஜூரி கொடுத்த தீர்ப்பு சுமார் 2.9 கோடி டாலர்.

2015-ல் விதி மாறியது. இப்போ அந்த அளவு தண்டனைக்கு, எதிராளிக்குக் கிடைக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு அழித்ததாக நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டும். ஆனால் பாதுகாக்கும் கடமை அப்படியே இருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் காலாகாலத்துக்கும் சேர்த்து வைக்கச் சொல்லவில்லை. சேர்த்தது அத்தனையையும் ஒருநாள் காசு கொடுத்துப் படிக்க வேண்டிவரும். பிரச்சினை இல்லாத நாளில், எதை எத்தனை வருஷம் வைப்பது என்று எழுதிவைத்து அதன்படி அழிக்கலாம், தப்பே இல்லை. தகராறு வாடை அடித்தவுடன் தானாக அழிக்கிற செட்டிங்கை நிறுத்தணும். சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுத்தில் சொல்லணும், ஐடி ஆட்களுக்கும் சேர்த்து. வேலையை விட்டுப் போகிறவரின் லேப்டாப்பை ஃபார்மட் செய்து அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. சில மாதம் கழித்து, நிஜமாகவே நிறுத்தினார்களா என்று போய்ப் பார்க்கணும். ஜுபுலேக் வழக்கில் கோட்டைவிட்டது இந்தக் கடைசி வேலையைத்தான்.