வண்டியை எங்கே நிறுத்துவது?



கல்விச் செலவு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கல்லூரிச் சம்பளமும் புத்தக விலையும் தேர்வுக் கட்டணமுமே. ஆனால் புறநகரிலிருந்து நாள்தோறும் நகரத்துக்கு வந்து படித்துவிட்டு, மாலையில் வீடு திரும்பும் மாணவனுக்கு இன்னொரு செலவும் உண்டு. எந்தக் கல்லூரியின் விவரப் புத்தகத்திலும் அது அச்சேறுவதில்லை. அவன் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஆறு மணி நேரமும் அவன் ஏறிவந்த வண்டி எங்கேனும் ஓரிடத்தில் நின்றாக வேண்டும் அன்றோ? அந்த இடத்துக்கு அவன் கொடுக்கும் விலையைத்தான் சொல்கிறேன்.

இதைச் சிறு பொருள் என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. நான் பல ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தவன். செங்கற்பட்டுக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து சென்னைக்கு வந்து படித்த மாணவன் ஒருவன், முதலாண்டின் நடுவிலேயே படிப்பை நிறுத்திவிடும் எண்ணத்தோடு என்னிடம் வந்தான். படிப்பில் பின்தங்கியவன் அல்லன். சம்பளத்துக்கு உதவித்தொகையும் கிடைத்திருந்தது. தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளில் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்வந்துகொண்டிருந்தான். பெட்ரோல் செலவு ஒருபுறம். மதிலோரத்தில் இடமின்றிச் சாலையில் விட்டதற்கு அபராதம் மற்றொருபுறம். அபராதத்துக்கு அஞ்சித் தனியார் நிறுத்துமிடத்தில் விட்ட நாட்களில் வாடகை வேறு. மூன்றையும் கூட்டிப் பார்த்தால், உதவித்தொகை ஒரு கையில் கொடுத்ததை நகரத்துச் சாலை மறு கையால் வாங்கிக்கொண்டிருந்தது. அவனும் நானும் ஒரு மாலை முழுதும் இருந்து கணக்குப் பார்த்தோம். என்ன வழி கண்டோம் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். வண்டி நிற்கும் இடத்துக்கு விலை ஏன் வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று.

ஒரு கார் நிற்பதற்கு, அது உள்ளே வரவும் திரும்பவும் வெளியேறவும் வேண்டிய வழியையும் சேர்த்து, திறந்த வெளியில் 23 சதுர மீட்டர் நிலம் வேண்டும் என்று நகரமைப்பாளர் கணக்கிடுவர். அது ஏறத்தாழ 250 சதுர அடி. நம் விடுதிகளில் இரண்டு மாணவர் கட்டிலும் மேசையும் போட்டுக்கொண்டு வாழும் அறை பெரும்பாலும் இதைவிடச் சிறியது. அதே நிலத்தில் இரு சக்கர வண்டிகள் நான்கு நிற்கலாம் என்பதும் அவர்கள் கணக்கே. நகரத்தின் நடுவே நிலம் அருமையானது. அருமையான பொருளை இலவசமாகக் கொடுத்தால், முதலில் வந்தவன் எடுத்துக்கொண்டு மாலை வரை விடமாட்டான். இந்த உண்மையை வீதியிலேயே கண்டு ஒரு கருவியைப் படைத்தவர்கள் அமெரிக்க நாட்டு ஒக்லஹோமா நகரத்தார்.

அந்நகரின் கடைத்தெருவில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோர் காலையிலேயே வந்து தம் கார்களைச் சாலையோரத்தில் விட்டுவிடுவர். பொருள் வாங்க வருவோர்க்கு இடமிராது. வணிகர் முறையிட்டனர். கார்ல் மகீ என்ற பத்திரிகையாசிரியர் இதற்கு ஒரு பொறியை அமைக்க எண்ணி, அம்மாநிலத்துப் பொறியியல் கல்லூரியின் உதவியை நாடினார். ஹோல்கர் தூசன் என்ற பேராசிரியரும் அவருடைய பழைய மாணவர் ஜெரால்டு ஹேலும் சேர்ந்து அதைச் செய்து முடித்தனர். 1935 ஜூலை 16 அன்று, உலகின் முதல் நிறுத்தக் கட்டணப் பொறி அந்நகர வீதியில் நடப்பட்டது. ஐந்து சென்ட் நாணயத்தை உள்ளே இட்டால் குறித்த நேரம் வரை வண்டியை விடலாம். ஒரு பேராசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்த பொறி பிற்காலத்தில் உலகெங்கும் மாணவர்களின் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருப்பது வேடிக்கைதான்!

கட்டணத்தை எல்லோரும் வெறுப்பது இயல்பு. ஆனால் இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு என்று எடுத்துக் காட்டியவர் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு ஷூப். இப்பொருளைப் பற்றி அவர் 2005இல் பெரியதொரு நூல் வெளியிட்டார், 2025இல் மறைந்தார். அவருடைய பல்கலைக்கழகத்தை ஒட்டி வெஸ்ட்வுட் என்ற கடைப்பகுதி இருக்கிறது. அங்கே சாலையோரத்து இடம் மலிவாக இருந்தது. கட்டடங்களுக்குள் இருந்த இடம் விலை மிகுந்திருந்தது. ஆகவே ஓட்டுநர் ஒவ்வொருவரும் சாலையோரத்தில் ஓரிடம் காலியாகுமா என்று வட்டமிட்டுக்கொண்டே இருந்தனர். ஷூப்பும் அவர் மாணவரும் அளந்து பார்த்தபோது, ஓரிடம் கிடைக்கச் சராசரி 3.3 நிமிடமும் அரை மைலும் ஆயின. மூன்று நிமிடந்தானே என்று தோன்றும். அந்தப் பதினைந்து வீதிக்கட்டங்களில் மட்டும், இடம் தேடி ஓடிய வீண் ஓட்டம் ஓராண்டில் 9,50,000 மைல் என்று கணக்கு வந்தது. நிலவுக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பும் தொலைவு அது. இவ்வளவும் சில்லறைக் காசை மிச்சப்படுத்த! இத்தனைக்கும் ஷூப் தாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்று வந்தது மிதிவண்டியில்.

அவர் ஆராய்ச்சியிலிருந்து மாணவன் எடுத்துக்கொள்ளத்தக்க கருத்து ஒன்று உண்டு. அதை என் சொந்த எண்களால் விளக்குகிறேன். கல்லூரி வாயிலருகே மணிக்குப் பத்து ரூபாய் வாங்கும் இடம் ஒன்று இருப்பதாகவும், பத்து நிமிட நடைத் தொலைவில் கட்டணமே இல்லாத இடம் ஒன்று இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். தொலைவில் விட்டால் போகவும் வரவும் இருபது நிமிடம் நடக்க வேண்டும். அரை மணி நேர வேலையாக வந்தவர்க்கு மிச்சம் ஐந்து ரூபாய். அவர் நடந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் கூலி கால் ரூபாய்தான். அவர் வாயிலருகே நிறுத்துவதே அறிவு. ஆறு மணி நேரம் இருக்கும் மாணவனுக்கோ மிச்சம் அறுபது ரூபாய். நிமிடத்துக்கு மூன்று ரூபாய் கூலி. அதே நடை, அதே இடம். ஆனால் பயன் பன்னிரண்டு மடங்கு. நாலுபேர் ஒரு காரில் வந்தால் கணக்கு மீண்டும் மாறும். அறுபது ரூபாயை நால்வர் பகிர, தலைக்குப் பதினைந்து. நடையோ ஒவ்வொருவரும் தனித்தனியே நடந்தாக வேண்டும். ஆதலின் நெடுநேரம் தங்குவோரும் தனியே வருவோரும் தொலைவிலும், விரைந்து திரும்புவோரும் கூட்டமாக வருவோரும் அருகிலும் நிறுத்துவது இரு சாரார்க்கும் நன்மை. நாள் முழுதும் தங்கும் மாணவன் வாயிலோரத்து இடத்துக்குப் போட்டியிடுவது, கணக்கறியாமல் ஏலத்தில் நிற்பது போன்றது.

இனி, பல்கலைக்கழகங்கள் என்ன செய்யலாம்? பெரும்பாலானவை மேலும் மேலும் இடம் கட்டித் தருவதையே வழியாகக் கொண்டன. அதே கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்க்கென்று தனி நிறுத்துமிடம் ஒதுக்கிப் பலகை நாட்டியிருக்கிறார்கள். பரிசுத் தொகையைவிட அந்த இடமே பெரிதென்று நகையாடுவாரும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸார் 2000ஆம் ஆண்டில் வேறொரு வழியில் சென்றனர். சான்டா மோனிகா நகரத்துப் பேருந்துகளில், பல்கலைக்கழக அடையாளச் சீட்டைக் காட்டினாலே ஏறிக்கொள்ள முடிந்தது. கட்டணத்தைப் பல்கலைக்கழகம் பேருந்து நிறுவனத்துக்குச் செலுத்திவிட்டது. முதல் ஆண்டிலேயே அப்பேருந்து செல்லும் பகுதிகளில் வாழ்ந்த ஆசிரியரும் பணியாளரும் பேருந்தில் வருவது நூற்றுக்கு 56 பங்கு உயர்ந்தது. தனியாகக் கார் ஓட்டி வருவது நூற்றுக்கு 20 பங்கு குறைந்தது. ஒரு செங்கல்லும் அடுக்காமலே அத்தனை இடம் கிடைத்தது. நம் கல்லூரி நிருவாகிகள் கட்டடக்காரரை அழைப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பார்களானால் நன்றாயிருக்கும்.

சென்னைக்கு வருவோம். தாம்பரத்துக்கும் கடற்கரை நிலையத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதலே மின்சார ரயில் ஓடுகிறது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் 1995இல் வந்தது. 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் எட்டியது. மெட்ரோ ரயில் 2015இல் தொடங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் சேப்பாக்கத்திலும், மாநிலக் கல்லூரி அதற்கு அருகிலும் உள்ளன. இரண்டுக்கும் ரயிலில் வந்திறங்கி நடந்தே போகலாம். ஆகவே நகரத்தில் மலிவான நிறுத்துமிடம் எங்கே என்று தேடுகிறவனுக்கு என் விடை, நகரத்தில் தேடாதே என்பதுதான். உன் வீட்டுக்கு அருகிலுள்ள ரயில் நிலையத்தின் சைக்கிள் ஸ்டாண்டில் தேடு. நிலம் மலிவான இடத்தில் வண்டியை விட்டு, நிலம் விலைமிக்க இடத்துக்கு உடம்பை மட்டும் கொண்டு போவதே இதன் சூட்சுமம்.

முன்னே சொன்ன மாணவனுக்கும் கணக்கு இவ்வாறே முடிந்தது. ஊரிலிருந்து செங்கற்பட்டு நிலையம் வரை மோட்டார் சைக்கிள்; அங்கே ஸ்டாண்டில் மாதச் சீட்டு; சீசன் டிக்கெட்டில் பூங்கா நிலையம் வரை மின்சார ரயில்; அங்கிருந்து சாலையைக் கடந்து பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில்; பிறகு நடை. நேரம் மிச்சமாகவில்லை, முன்னைவிட அரை மணி முன்னதாகவே அவன் எழ வேண்டியிருந்தது. கூட்டத்தில் நின்றுகொண்டு வந்த நாட்களே மிகுதி. ஆனால் ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாட்களில் புத்தகம் விரிக்க முடிந்தது. மோட்டார் சைக்கிளில் அது முடியாது. பெட்ரோல் செலவு மிகவும் குறைந்தது. அபராதம் அறவே நின்றது. அவன் பட்டம் பெற்றுச் சென்றான்.

ரயில் எட்டாத ஊர்களிலிருந்து வருவோர் பலர் உண்டென்பதை நான் மறக்கவில்லை. அவர்கள் பேருந்துச் சலுகைகளை விசாரித்தறிய வேண்டும். நம் மாநிலத்தில் அரசுக் கலைக் கல்லூரி மாணவர்க்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. மகளிர்க்கு 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமே இல்லை. சீசன் டிக்கெட்டிலும் மாணவர்க்குச் சலுகை உண்டு. கல்லூரி அலுவலகத்தில் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். கூச்சப்பட்டுக் கேளாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்!

ஸ்டாண்டைப் பற்றியும் சில சொற்கள். நிலையத்து ஸ்டாண்டுகள் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டவை. கட்டணப் பலகை எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்து, அதன்படியே கொடுங்கள். தலைக்கவசத்துக்கெனத் தனிக் கட்டணம் கேட்டால் அது பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். நாட்கட்டணத்தையும் மாதச் சீட்டையும் ஒப்பிடும்போது முப்பது நாளால் பெருக்காதீர்கள். கல்லூரி நடப்பது மாதத்தில் இருபத்திரண்டு நாளென்றால் இருபத்திரண்டால்தான் பெருக்க வேண்டும். விடுமுறை வரும் மாதங்களில் நாட்கட்டணமே மலிவாகிவிடலாம். டோக்கனை வண்டியிலேயே செருகி வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீர் தேங்கும் மூலை எதுவென்று ஸ்டாண்டுக்காரரைக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார். இரவில் ஸ்டாண்டை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பதையும், உங்கள் ஊருக்குக் கடைசி ரயில் எப்போது என்பதையும் சேர்த்தே கேட்டு வையுங்கள். நூலகம் மூடும் வரை இருந்து படிப்பவர்க்கு, எந்த ரயிலில் புறப்பட்டாக வேண்டும் என்பது இவ்விரண்டையும் பொறுத்ததே.