பவுண் காசில் சிவப்புப் புள்ளியா? தேய்க்காதீங்கோ!

நல்ல நாள் பெருநாள் என்றால் எங்கட வீடுகளில் குத்துவிளக்கையும் செம்பையும் புளி போட்டு மினுக்குவோம். அதே கையோடு அலுமாரிக்குள் கிடக்கும் பவுண் காசையும் எடுத்து மினுக்குகிறவர்கள் உண்டு. விளக்குக்கு அது நல்லது. காசுக்கு நட்டம்.

செவன் கிங்ஸில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா அண்மையில் ஒரு பவுணைக் கொண்டுவந்து காட்டினா. அவவின் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தது. மகளின் தாலிக்கொடிக்காக அதைக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறா. மன்னரின் கன்னத்தில் கடுகளவு செம்மஞ்சள் புள்ளி. "கலப்படம் போல கிடக்கு" என்று சொல்லி, கடைக்காரர் விலையைக் குறைத்துவிட்டாராம்.

"இது கள்ளக் காசோ? தேசிக்காய் போட்டுத் தேய்ச்சால் போகுமோ?" என்று கேட்டா.

நிறுத்துப் பார்த்தோம், அளந்து பார்த்தோம். எடை 7.98 கிராம், விட்டம் 22.05 மில்லிமீற்றர், தடிப்பு 1.52 மில்லிமீற்றர். தங்கத்தை விட இலேசான உலோகத்தில் அடித்த காசுக்கு இந்த மூன்றும் ஒன்றாகப் பொருந்தாது. 1918ஆம் ஆண்டுக் காசு அது. குதிரையின் கீழே, ஆண்டுக்கு மேலே, 'ஐ' என்ற சிறிய ஆங்கில எழுத்து இருந்தது. பம்பாயில் அடித்ததற்கான அடையாளம் அது. பம்பாய் நாணயச்சாலை பவுண் அடித்தது அந்த ஒரு வருடம் மட்டும்தான்.

அப்ப புள்ளி எங்கிருந்து வந்தது? பவுண் 22 கரட். அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம், மீதி பெரும்பாலும் செம்பு. உருக்கும்போது செம்பு சீராகக் கலக்காமல் மேற்பரப்பில் ஒரு துளி நின்றுவிட்டால், காலப்போக்கில் அது காற்றுப் பட்டுச் சிவக்கும். தங்கம் குறையவில்லை. எடைக்கு விற்கும் காசென்றால் இந்தப் புள்ளிக்காக விலை குறைய நியாயமில்லை.

சேகரிப்பவர்களின் கணக்கு வேறு. அவர்கள் காசின் தரத்தை 1 முதல் 70 வரை மதிப்பிடுவார்கள். புழக்கத்தில் தேய்ந்த காசில் சின்னப் புள்ளியைப் பெரிதாக எடுப்பதில்லை. புத்தம் புதிதுபோல் இருக்கும் உயர்தரக் காசில் அது உறுத்தும். விளிம்போரம் இருந்தால் மன்னிப்பார்கள். முகத்தில் இருந்தால் வாங்கத் தயங்குவார்கள். ஆனால் தேய்த்துக் கழுவிய காசு என்று தெரிந்தால், தரம் பார்க்கும் நிறுவனங்கள் வழக்கமாக இலக்கமே கொடுக்காது, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதிவிடும். புள்ளியால் வரும் இழப்பை விட அது பெரிது. வளையம் ஒட்டிய காசுக்கும் இதே கதிதான்.

பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாங்கும் வெள்ளி பிரித்தானியா, மேப்பிள் லீஃப் காசுகளில் வருவது வேறு புள்ளி. பால் தெறித்ததுபோல் வெள்ளையாக இருக்கும். அடிப்பதற்கு முன் வெள்ளி வில்லைகளைக் கழுவிய திரவத்தின் மிச்சம், சூடாக்கும்போது படிந்து வருவது என்பதே பொதுவான விளக்கம். கனடிய நாணயச்சாலை 2018இல் இதைக் குறைக்கத் தனி முறையொன்றையே கொண்டுவந்தது. ஆகவே நீங்கள் வைத்திருந்த விதம்தான் பிழை என்று நினைக்கத் தேவையில்லை.

எங்கட கையில் இருப்பது இவ்வளவுதான்:

• காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கோ. விரல் ரேகையும் பதிந்துவிடும்.

• காசுக்கு மேலே குனிந்து கதைக்காதீங்கோ. எச்சில் துளியும் நாளடைவில் புள்ளியாகும்.

• மெதுமையான பிவிசி பிளாஸ்ரிக் உறை வேண்டாம். அது பச்சையாகப் பிசுபிசுக்கும். கடினமான, காசுக்கென்றே செய்த கூடுகள் நல்லது.

• புளி, தேசிக்காய், பற்பசை, திருநீறு எதுவும் வேண்டாம்.

• விற்கப் போகும் முன் எடையையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கோ.

அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன். அந்தக் காசில் வளையம் ஒட்டாமல், அப்படியே மகளுக்குக் கொடுக்கப் போறாவாம்.