வலியை விழுங்கிய வீரர்!

அடிபட்டால் வலிக்கிறது. "ஓய்வு கொடு" என்று உடம்பு சொல்லும் எச்சரிக்கை அது. அந்த எச்சரிக்கையை மாத்திரையால் அடக்கி விளையாடினார் ஒரு வீரர். அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல!

அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பந்தைக் கையில் பிடித்து ஓடலாம்; எறியலாம். எதிர் அணியினர் மோதி வீழ்த்துவார்கள். எலும்பு முறிவதும் உண்டு.

இந்த ஆட்டத்தில் புகழ் பெற்றவர், பிரெட் பார்வ். 'கிரீன் பே பேக்கர்ஸ்' அணி வீரர். எவ்வளவு அடிபட்டாலும் ஓர் ஆட்டத்தைக்கூட விடமாட்டார். வலி தெரியாமல் இருக்க 'விகோடின்' மாத்திரை தின்றார்.

அபின் இனத்தைச் சேர்ந்த மருந்து அதில் இருக்கிறது. தின்னத் தின்ன உடம்பு பழகிவிடும். இரண்டு போதாது, நான்கு கேட்கும்! ஒரே வேளையில் 14 மாத்திரை வரை தின்றதாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார்.

மகள் கண் முன்னால்...

1996 பிப்ரவரியில் கணுக்கால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே அவருக்கு வலிப்பு வந்தது. சின்னஞ்சிறு மகள் பார்த்துப் பதறினாள்.

மே மாதம், "நான் மாத்திரைக்கு அடிமை" என்று ஊரறியச் சொன்னார். 46 நாள் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றார். 1997 ஜனவரியில் அவருடைய அணி 'சூப்பர் பவுல்' கோப்பையை வென்றது!

ஆனால் ஒரே தடவையில் பழக்கம் தொலையவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட முறை சிகிச்சைக்குப் போனார். பிறகே முழுவதும் மீண்டார். 2010 வரை விளையாடினார்.

டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். அதற்குமேல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். பழகிவிட்டதா? மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை!