மோட்டார் சைக்கிளுக்குப் பின் ஒரு சிறு டிரெய்லர்

உறையூர்த் தறிகளிலிருந்து சேலைக் கட்டுகளை எடுத்துச் செல்வோரும், கே.கே. நகர் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் காய்கறி கொண்டுவருவோரும் மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் மூட்டையைக் கட்டி ஓட்டுவது வழக்கம். மூட்டை உயர உயர வண்டி தள்ளாடும். பின்னால் ஒரு சிறு டிரெய்லரைப் பூட்டிக்கொண்டால் என்ன என்னும் எண்ணம் அங்கத்தினர் பலருக்கு எழுவது இயல்பே.

எண்ணம் புதியதன்று. 1950களின் இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவில், ஜாவா மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செல்வோருக்காக 'பாவ் 40' என்ற ஒற்றைச் சக்கர டிரெய்லர் தயாரிக்கப்பட்டது. அதில் ஏற்றக்கூடிய சுமை 40 கிலோ. மோட்டார் சைக்கிள் சாயும்போது அதுவும் உடன் சாயும். ஆனால் அதன் இணைப்பைச் சாதாரணப் பட்டறையில் செய்வது கடினம். நமக்கு ஏற்றது இரண்டு சக்கர டிரெய்லரே.

இரும்பை வெட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்று கேட்பது அவசியம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லின் விளக்கத்திலேயே டிரெய்லரும் அடங்கும். பதிவில்லாத டிரெய்லருடன் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பது சந்தேகம். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பட்டறைக்காரர் சொல்லக்கூடும்; வழக்கு வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவரல்லர்.

பட்டறைக்குத் திருச்சியில் குறைவில்லை. 1960களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை அமைந்தது முதல் இவ்வூரில் நல்ல வெல்டிங் தொழிலாளிகள் பெருகியுள்ளனர். ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாயால் சட்டம், பழைய ஸ்கூட்டரின் பத்து அங்குலச் சக்கரங்கள் இரண்டு, சிறு வில்பட்டைகள், மேலே ஒரு தகரப்பெட்டி, இவை போதும்.

கவனமெல்லாம் இரண்டு இடங்களில் வேண்டும். முதலாவது கொக்கி. மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும். இரு சக்கர டிரெய்லர் சாயாது. ஆகவே இணைப்பு மேலும் கீழும், இடமும் வலமும் அசைவதோடு, தன் அச்சில் முறுக்கிக்கொண்டு சுழலவும் வேண்டும். சுழலாத கொக்கி, சாய முயலும் மோட்டார் சைக்கிளைத் தடுத்து ஓட்டுபவரைக் கீழே தள்ளிவிடும். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் பிரிந்து ஓடாதபடி ஒரு சங்கிலியும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது பாரம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பவற்றை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். இங்கும் அதே கதைதான், ஆனால் வேகம் அதிகமாகையால் ஆபத்தும் அதிகம். பின்பாரம் கொக்கியை மேலே தூக்க, மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் தரையில் பிடிமானம் இழக்கும். டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். வேகம் கூடக்கூட நெளிவும் பெருகும்.

மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கேனும் கொக்கியின்மேல் தங்குமாறு பாரம் ஏற்றுவது நல்லது. கணக்கு எளிது. டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 80 கிலோ என்றும், அச்சிலிருந்து கொக்கி 150 சென்டிமீட்டர் தூரம் என்றும் வைத்துக்கொள்வோம். எடையின் மையம் அச்சுக்கு முன்னால் 15 சென்டிமீட்டரில் இருந்தால் கொக்கியில் 8 கிலோ தங்கும். ஆள் எடை பார்க்கும் மெஷினின்மேல் கொக்கி முனையை வைத்து இதைச் சரிபார்க்கலாம். மொத்த எடை மோட்டார் சைக்கிளின் எடையில் பாதியைத் தாண்டலாகாது. புல்லட்டின் எடை சுமார் 190 கிலோ. ஆகவே 80 கிலோ அதற்குத் தகும்.

டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லை. அதையும் மோட்டார் சைக்கிளே நிறுத்தியாக வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து வருபவர் காவிரிப் பாலத்தைத் தாண்டி நெரிசலில் நுழையும்போது, முன்செல்லும் பஸ்ஸிலிருந்து வழக்கத்தைப்போல் இருமடங்கு தூரம் விடுவது நலம். சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பான்களும் பின்புறம் பொருத்தப்பட வேண்டும்.

முதல் வாரம் வெறும் மணல் மூட்டையுடன், ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிப் பழகுக. சேலைக் கட்டை அதற்குப் பிறகு ஏற்றலாம்.