பழைய கார்டும் புதிய கணிப்பொறியும்

காக்களூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை நடத்தும் எம் நண்பர் ஒருவர், புதிய கணிப்பொறியொன்று கூட்டுங்கால் பழையதிலிருந்த கிராபிக்ஸ் கார்டையே அதிற் பொருத்தித் தருமாறு எம்மை வேண்டினர். கார்டின்றி வரைபடம் வரைதல் இயலாதென்பது அவர் எண்ணம். 2012-இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ் ஜி.டி. 610 அது. செலவு மிஞ்சுமென யாமும் உடன்பட்டோம்.

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் பழைய கார்டும் இயங்குமாறு வகுத்துள்ளனராகலின், அஃது இனிது பொருந்திற்று. ஸ்லாட் ஈயவல்ல மின்சாரம் 75 வாட். கார்டு வேண்டுவதோ 29 வாட்டே. பொத்தானை அழுத்தவே விசிறி சுழன்றது. திரையோ இருண்டே கிடந்தது. கார்டு பழுதென்று கருதி எறிந்துவிடவும் துணிந்தோம்!

உண்மை வேறு. புதிய மதர்போர்டுகள் யூ.இ.எஃப்.ஐ. என்னும் முறையில் இயங்கத் தொடங்குவன. அக்காலத்துக் கார்டுகள் பலவும் பழைய பயாஸ் முறையொன்றையே அறியும். கார்டைக் கழற்றி, பிராசஸரினுள்ளேயே அமைந்த கிராபிக்ஸின் துணையால் செட்டிங்ஸைத் திறந்து, சி.எஸ்.எம். என்பதனை இயக்கி, மீண்டும் பொருத்தினோம், படம் தோன்றிற்று. எல்லா மதர்போர்டுகளிலும் இவ்வசதி இல்லை; எமக்கு வாய்த்தது நற்பேறே.

ஆயினும் அதனை இயக்குங்கால் செக்யூர் பூட் என்னும் காவலை நிறுத்த வேண்டியதாயிற்று. அக்கார்டுக்குப் புதிய டிரைவர்கள் வருவதும் 2018-இலேயே நின்றது. மேலும், பிராசஸரின் கிராபிக்ஸே அதனினும் வலிது. இவற்றை எடுத்துரைக்க, நண்பரும் இசைந்தனர். கார்டு பழைய பொறிக்கே மீண்டது. அங்கே பட்டறையின் வரவுசெலவுக் கணக்கைக் காட்டிவருகின்றது.